பூனை மவுத்தான வீட்டுக்குச் சோறு

"பூனைதானே" என்று சொல்லும்போது மனிதர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். வாயின் ஓரம் மட்டும் சிரிக்கும். என் பூனை செத்த அன்று அந்தச் சிரிப்பை என் மகன் முகத்தில் பார்த்தேன், நாத்தனார் முகத்தில் பார்த்தேன், பால் ஊற்ற வந்தவர் முகத்தில்கூடப் பார்த்தேன். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வராது. நாலு பேர் கூடிய இடத்தில் நான் பேசியதே கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படித்த நாட்களிலும் எழுந்து வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

அந்தப் பூனை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் இத்தா இருந்தேன். புருஷன் இறந்துவிட்டால் எங்களில் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருப்பது வழக்கம். முதல் வாரம் வீடு கொள்ளாத ஆட்கள். அப்புறம் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். மகன் கடைக்குப் போய்விடுவான். திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. என் புருஷன் நடத்தியது, இப்போது மகன் நடத்துகிறான். கடையில் சீரகச் சம்பா மூட்டைகளுக்கு நடுவில் கிடந்த குட்டி ஒன்று எப்படியோ மகனின் வண்டிப் பையில் ஏறி வந்துவிட்டது. இறக்கிவிட்டதும் நேரே நான் இருந்த அறைக்குள் வந்தது. அந்த அறைக்குள் ஆம்பளைகள் வரக் கூடாது, பேச்சு வரக் கூடாது, பூ வரக் கூடாது. பூனை வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வந்து என் முழங்கால் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது.

பெயரெல்லாம் வைக்கவில்லை. "வாடி" என்பேன், வரும். அதுதான் பெயர். நான் தொழும்போது பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். சலாம் கொடுத்து முடிக்கும்வரை அசையாது. முடித்த மறு நிமிடம் முட்டியில் தலையை இடிக்கும். எங்கள் வீட்டில் நான் ஒரு காரியத்தை முடிக்கும்வரை காத்திருந்த உசுரு அது ஒன்றுதான்.

கோபத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்தபிறகு அது நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. அதன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, குழாயடி வாளியில் போய்க் குடிக்கும். மறுபடி வந்து கிண்ணத்துக்கு முன்னால் நிற்கும். கறியை முகர்ந்துவிட்டு அப்படியே போய்விடும். மகனிடம் சொன்னேன்.

"நல்லாத் தண்ணி குடிக்குதுல்லம்மா? அப்புறம் என்ன? நீங்கதான் தண்ணி குடிக்க மாட்டேங்கிறீங்கன்னு டாக்டர் சொல்றாரு. அதப் பாத்துக் கத்துக்கங்க."

கடை மாஸ்டர் வேறு மாதிரி சொல்லி அனுப்பினார். பிரியாணிக் கறி தின்று தின்று மசாலாச் சூடு ஏறிவிட்டதாம். மோர் ஊற்றினால் சரியாகிவிடுமாம். தலைமுறையாகச் சமைக்கிற வீட்டில் எந்த நோய் வந்தாலும் முதல் பழி மசாலாவுக்குத்தான். எனக்கு முட்டி வலித்தாலும் பட்டையையும் கிராம்பையும்தான் குற்றம் சொல்வார்கள். மருமகள் மோர் ஊற்றினாள். அது குடித்தது, வாந்தி எடுத்தது. சூடு இறங்குகிறது என்றார்கள். இன்னும் ஊற்றினார்கள். நான் அதன் முதுகைத் தடவும்போது எலும்பு கையில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. "இது சூடு இல்ல, வேற என்னமோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் சொல்வது எங்கள் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும், யார் காதிலும் விழாது.

கடைசியில் நானே காய்கறிக் கூடையில் பழைய துப்பட்டாவை விரித்து, அதை உள்ளே படுக்க வைத்து, ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். தனியாக ஆட்டோவில் போனது எத்தனை வருஷத்துக்கு முன்பு என்று எனக்கு நினைவில்லை. கால்நடை டாக்டர் வீட்டு வாசலில் ஒரு ஆள் கன்றுக்குட்டி அளவு நாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் கூடையை எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா, கோழியா?"

"பூனை."

"பூனைக்கா டாக்டரு?" என்றான். அந்தச் சிரிப்பு.

அவனுடைய நாய்க்கு நகம் வெட்ட வந்திருந்தான். நகம் வெட்ட வந்தவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்! அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. துப்பட்டாவை இழுத்து அதன் முகத்தை மூடிக்கொண்டேன்.

டாக்டர் சின்னப் பெண். அவள் சிரிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்து பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல செய்தி சொல்கிறவர்கள் நின்றுகொண்டே சொல்வார்கள்.

"கிட்னி ரெண்டும் சுருங்கிருச்சு பாட்டி. ரொம்ப நாளாவே இருந்திருக்கும். அதான் அம்புட்டுத் தண்ணி குடிச்சிருக்கு."

"மோர் குடுத்தாங்க."

"மோரு என்ன செய்யும்? அதால வந்ததும் இல்ல, அதால போகவும் போகாது."

தோலுக்கடியில் ஊசி குத்தி குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றினாள். முதுகில் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுபோனேன். அந்த மழைக்காலம் முழுக்கக் கூடையும் கையுமாக நான் ஆட்டோவில் போனேன், வந்தேன். மகன் ஒரு தடவை கேட்டான்: "அத்தாவுக்குக்கூட இப்பிடி ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சிருக்க மாட்டீங்க போல?" வேடிக்கையாகத்தான் கேட்டான். அவன் அத்தாவுக்கு, என் புருஷனுக்கு, நெஞ்சுவலி வந்தது கடையில். நான் செருப்பு மாட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அலைய எனக்கு எங்கே வாய்ப்புக் கொடுத்தார்? இதுவாவது கொடுத்ததே என்று நினைத்தேன். சொல்லவில்லை.

தை மாதம் ஒரு காலையில், பஜ்ர் தொழுது முடித்து சலாம் கொடுத்தேன். முட்டியில் தலை இடிக்கவில்லை. பாயின் ஓரத்தில்தான் படுத்திருந்தது. கை வைத்தேன். இன்னும் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

"இன்னா லில்லாஹி" என்று வாய்விட்டுச் சொன்னேன். சாவு கேட்டால் நாங்கள் சொல்கிற சொல். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது.

என் நாத்தனார் எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு வீடு தள்ளி இருக்கிறார். என் புருஷனுடைய அக்கா. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். காலையில் வத்தலக்குண்டில் இருக்கிற மகளோடு செல்போனில் பேசிக்கொண்டே எங்கள் வாசலுக்கு வருவது அவர் வழக்கம். அன்றைக்கும் பேசிக்கொண்டே வந்தவர் நான் சொன்னதைக் கேட்டு, "யாரு புள்ள? யாரு மவுத்து?" என்று பதறினார். பார்த்தார். பதற்றம் போய்ச் சிரிப்பு வந்தது.

"அடி இவளே! பூனைக்கா இதை ஓதுறே? நான் பயந்தே போனேன்." செல்போனில் மகளிடமும் சொன்னார்: "ஒண்ணுமில்லடி, ஒன் மாமி வளத்த பூனையாம்."

ஒண்ணுமில்லடி!

நான் ஓதிய அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? எல்லாரும் அல்லாவுக்குச் சொந்தம், அவனிடமே திரும்பிப் போகிறோம் என்று அர்த்தம். என் பூனை மட்டும் வேறு யாருக்குச் சொந்தமாம்? அது வேறு எங்கே திரும்பிப் போகுமாம்? ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரிடம் இதைக் கேட்க வேண்டும் என்று இன்றுவரை நெஞ்சுக்குள் வைத்திருக்கிறேன்.

அடுத்தது மகன். "குப்பை வண்டி வர்ற நேரந்தான்மா. ஒரு பையில போட்டுக் குடுத்துரலாம்."

அதைக் கேட்டதும் கொல்லைப்பக்கம் போனேன். வண்டி நிறுத்த வேண்டும் என்று கொல்லை முழுக்க அவன் சிமெண்டு போட்டுவிட்டான். கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி மட்டும் கொஞ்சம் மண் விட்டிருக்கிறார்கள், அதுவும் ரசத்துக்கு இலை வேண்டும் என்பதற்காக. கடப்பாரையை நான் தூக்க முடியாது. மண்கரண்டியால் தோண்டினேன். மண் கல்லாக இருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற வைத்துத் தோண்டினேன். கொஞ்ச நேரத்தில் மருமகள் வந்தாள். கரண்டியை என் கையிலிருந்து வாங்கித் தோண்டினாள். அவளைப் பற்றி நான் கோபமாக எழுத நினைத்தால், இந்த ஒரு இடத்தில் வந்து கை நின்றுவிடுகிறது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி. அகரத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மொட்டை மாடியில் நாட்டுக்கோழி வளர்க்கிறாள். என் பூனை இளமையாக இருந்த காலத்தில் அவள் கோழிக்குஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. மறு வாரம் இன்னொன்று. அன்றைக்கு அவள் தெருவில் நின்று கத்தினாள்: "கடைக்கார வீட்டுப் பூனைக்குக் கறி பத்தலையாக்கும்! என் கோழிதான் கெடச்சுச்சாக்கும்!" தெரு முழுக்கப் பார்த்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

"என்ன பாயம்மா, குழி?" என்றாள்.

துப்பட்டாவில் சுற்றியதைப் பார்த்தாள். தலை கீழே இறங்கிவிட்டது.

மண்ணை மூடிவிட்டு உள்ளே வந்தேன். மருமகள் கைகழுவிவிட்டு அடுப்படிக்குப் போனாள். "இன்னைக்கு அடுப்பு பத்த வைக்க வேண்டாம்" என்றேன்.

இங்கே எங்கள் தெரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மவுத்து விழுந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்திலிருந்து சோறு போகும். எங்கள் ஆட்கள், இந்து ஆட்கள் என்ற பேதமெல்லாம் அதில் கிடையாது. எந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டாலும் முதல் சட்டி என் வீட்டிலிருந்துதான் போகும். வெறும் சோறு, ரசம், தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம். வாசனை தூக்கலாக இருக்கக் கூடாது. துக்க வீட்டில் யாருக்கும் பசி எடுக்க வைத்துவிடக் கூடாது, பசித்தவர் தின்றால் போதும் என்று பார்த்துப் பார்த்துச் சமைப்பேன். இன்னொன்றும் உண்டு. நோன்புக் கஞ்சியோ கல்யாணப் பலகாரமோ கொடுத்தனுப்பினால், அந்தப் பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்ப மாட்டார்கள். ரெண்டு வாழைப்பழமாவது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு வரும். துக்கச் சோறு போன சட்டி மட்டும் வெறுமனே வரும். அதில் எதையும் வைக்கக் கூடாது. துக்கத்துக்குப் பதில் மரியாதை கிடையாது. என் வீட்டு வாசலில் அப்படி எத்தனை வெறும் சட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன! நாத்தனார் புருஷன் போனபோது மூன்று நாளும் நான்தான் ஆக்கிப் போட்டேன்.

நான் பேசத் தெரியாதவள். துக்கம் விசாரிக்கிற வீட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். ஆறுதல் சொல்ல நாக்கு புரளாது. அந்தச் சட்டிதான் என் பேச்சு. இத்தனை வருஷம் இந்தத் தெருவோடு அப்படித்தான் பேசியிருக்கிறேன். எனக்கு ஒரு தடவை, ஒரே ஒரு வேளை, யாராவது அதைத் திருப்பிச் சொல்லக் கூடாதா?

மருமகள் தலையைச் சொறிந்தாள். "மாமி, கேஸ் அடுப்புதானே எரியக் கூடாது? கரண்ட் அடுப்புல நெருப்பே இல்லியே. அதுல ஒரு குக்கர் வச்சிரட்டுமா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள். "வேண்டாம்" என்றேன்.

மத்தியானம் மகன் கடையிலிருந்து பொட்டலங்களோடு வந்தான். "அடுப்பு பத்த வைக்கலியாமே? இந்தாங்க, சோறு வந்திருச்சு. ஆட்டுக்கால் பாயா வேற இருக்கு. இப்ப சந்தோசமா?"

பிரித்தால் வீடெல்லாம் நெய் மணக்கிறது. பட்டை மணக்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"இது நம்ம கடைச் சோறு" என்றேன்.

"நம்ம கடைச் சோத்துக்கு என்ன கொறச்சல்? ஊரே வரிசையில நின்னு திங்குது!"

"நம்ம துக்கத்துக்கு நம்மளே சோறு ஆக்கக் கூடாது. வேற வீட்டுல இருந்து வரணும்."

"யாரும்மா கொண்டு வருவாங்க? ஒரு பூனைக்கு? இந்தத் தெருவுல ஒருத்தர் வந்து கேட்டுட்டாங்கன்னா நான் என் மீசையை எடுத்துர்றேன்." அப்புறம் குரல் இறங்கியது. "வேற குட்டி ஒண்ணு கொண்டாந்து தாரேன். அதே மாதிரி வெள்ளையும் கறுப்புமா. கடைப்பக்கம் நெறையத் திரியுது."

ஒரு குழந்தை தவறியபிறகுதான் அவனைப் பெற்றேன். அப்போதும் என்னிடம் ஒருத்தி "அதான் வேற ஒண்ணு வந்துருச்சுல்ல" என்றாள். எதற்கும் வேறு ஒன்று உண்டு என்று நினைக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? பொட்டலத்தை அவன் பக்கமே தள்ளிவிட்டேன். அவனும் மருமகளும் அடுக்களையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் தின்றார்கள். நான் அறைக்குள் தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்தேன். பசித்தது. அதையும் மறைக்கவில்லை. பசியோடு உட்கார்ந்து, இந்தத் தெருவில் யார் யார் வீட்டுக்குச் சோறு அனுப்பினேன் என்று ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்கக் கோபம் ஏறியது. என் மகன் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியபோது அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம், அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்பு வாசலில் சத்தம் கேட்டது.

"பாயம்மா! ஏ பாயம்மா! கதவத் தொறங்க, கை சுடுது!"

பக்கத்து வீட்டுக்காரி. சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு ஒரு சில்வர் சட்டி. அதன் மேல் ஒரு கிண்ணம்.

"சோறு. ரசம். கத்திரிக்கா வெஞ்சனம். உங்க வீட்டுல காலையில இருந்து குக்கர் சத்தம் கேக்கல. சரி, பாயம்மா அடுப்பு மூட்டலன்னு தெரிஞ்சுகிட்டேன். செத்த நேரம் முந்தியே வந்திருப்பேன், கரண்டு போயிருச்சு, மிக்சி ஓடல." எனக்குப் பின்னால் வந்து நின்ற மகனைப் பார்த்தாள். "என்ன தம்பி அப்பிடிப் பாக்குறீங்க? எங்க மாமனாரு செத்தன்னிக்கு உங்கம்மா சோறு குடுத்து விட்டாங்க. நாங்க வாங்கித் தின்னோம்ல?"

நான் சட்டியை வாங்கினேன். வாய் வரவில்லை. வழக்கம்போல.

"ஆனா ஒண்ணு," என்றாள் அவள், படியிறங்கிக்கொண்டே. "என் குஞ்சு ரெண்டையும் தின்னதுக்கு நான் இன்னும் மன்னிக்கல. அது வேற. நாலு கோழிக்கு நடுவுல பதுங்கிக் கெடந்து தூக்குச்சு பாருங்க, கெட்டிக்காரி. இப்ப மாடிக்குப் போனா அங்கிட்டுத்தான் கண்ணு போகுது, உக்காந்திருக்குதான்னு."

இத்தனை பேரில் என் பூனையைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் பேசியது என்னைப் பற்றி.

உட்கார்ந்து தின்றேன். ரசத்தில் பூண்டு குறைவாகத் தட்டியிருந்தாள், வாசனை தூக்காமல். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மகன் வந்து எதிரில் உட்கார்ந்தான். தட்டை நீட்டினான். போட்டேன். அவன் மீசையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் என் கோபம் பாதி தணிந்திருக்கும். மறுநாள் காலையில் அடுப்படிக்குப் போனேன். மருமகள் அந்தச் சட்டியைத் துலக்கி, உள்ளே ஆறேழு மலைவாழைப்பழமும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் அடுக்கி வைத்திருந்தாள்.

"பாவம், ரொம்ப நாள் பேசாம இருந்தவங்க சோறு குடுத்திருக்காங்க. வெறுஞ்சட்டியா குடுத்தா நல்லாருக்குமா மாமி?"

அவள் நல்ல மனசோடுதான் செய்தாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நேற்று ஒரு நாள் முழுக்க நடந்தது அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி கொடுத்த ஒரு வேளைச் சாப்பாடு. பழத்தைப் போட்டால் அது விருந்துச் சட்டி. நான் தின்றது விருந்தா?

பழங்களை எடுத்து மேடையில் வைத்தேன். சட்டியையும் கிண்ணத்தையும் மறுபடி கழுவித் துடைத்தேன். "குடுங்க மாமி, நான் குடுத்துட்டு வாரேன்" என்று மருமகள் கை நீட்டினாள். கொடுக்கவில்லை.

குழாயில் தண்ணீர் வருகிற நேரம். தெருவில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நாத்தனாரும் நின்றார். சாதாரணமாக அந்த நேரத்தில் நான் வாசலைத் திறக்க மாட்டேன். முக்காட்டைப் போட்டுக்கொண்டு, சட்டியை மறைக்காமல், ரெண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"என்னடி இது, காலங்காத்தாலே சட்டியத் தூக்கிட்டு?" என்று நாத்தனார் கேட்டார்.

"துக்கச் சோறு வந்த சட்டி," என்றேன். "திருப்பிக் குடுக்கப் போறேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. குடங்கள் பக்கம் பேச்சு நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரி படியில் நின்றிருந்தாள். வாங்கினாள். மேலிருந்த கிண்ணத்தை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தாள். வெறும் சட்டி. தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

நான் திரும்பி வரும்போது முதுகுக்குப் பின்னால் நாத்தனார் மறுபடி கேட்டார், "பூனைக்கா?"

"ஆமா," என்றேன். "பூனைக்குத்தான்."